தானாக வரும் மெனு தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தானியங்கி மெனு என்பது, யாரும் கையால் அடுக்காமல், தளத்தில் இருக்கும் பக்கங்களிலிருந்து தானாக உருவாகும் மெனு. அதைத் தளம் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகக் கட்டுகிறது. டெம்ப்ளேட் (பக்கத்தின் வடிவை எழுதி வைத்த கோப்பு) தளத்தின் பக்க மரத்திடம் (எந்தப் பக்கத்தின் கீழ் எது என்ற அடுக்கு) போய், "இந்த நிலையிலிருந்து இந்த நிலை வரை, வெளியிட்டவற்றில் மறைக்காதவற்றை மட்டும், இந்த வரிசையில் கொடு" என்று கேட்கிறது. வந்ததைப் பட்டியலாக அச்சிடுகிறது. ஆகவே கோளாறு பெரும்பாலும் நாலு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: பக்கத்தின் சொந்த அமைப்பு, மரத்தில் அது உட்கார்ந்திருக்கும் இடம், டெம்ப்ளேட் கேட்கும் கேள்வி, நடுவில் நிற்கும் கேஷ் (முன்பே கட்டிச் சேமித்து வைத்த பிரதி). பலரும் முதலில் கை வைப்பது தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில், இல்லாவிட்டால் பிளகின் என்ற கூடுதல் நிரல் ஒன்றைப் புதுசாகப் போடுவதில். இரண்டையும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனை. பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து, லாகின் செய்யாமல் தளத்தைப் பாருங்கள். நிர்வாகியின் கண்ணுக்குத் தெரியும் மெனுவும் வருகிறவர்கள் பார்க்கும் மெனுவும் வேறாக இருப்பது சகஜம். அடுத்து, வியூ சோர்ஸ் எடுத்து, காணாமல் போன பக்கத்தின் தலைப்பைத் தேடுங்கள். இன்ஸ்பெக்ட் வேண்டாம்; அது பிரவுசருக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகான நிலையைக் காட்டும், நமக்கு வேண்டியது சர்வர் அனுப்பியது. தலைப்பு சோர்ஸில் இருந்து திரையில் இல்லையென்றால் சிஎஸ்எஸ்ஸோ ஜாவாஸ்கிரிப்டோ மறைக்கிறது. சோர்ஸிலேயே இல்லையென்றால் மேலே சொன்ன நாலில் ஒன்று.

அறிகுறி: புதுப் பக்கம் போட்டேன், மெனுவில் வரவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம். பக்கம் உண்மையில் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். சில்வர்ஸ்ட்ரைப் மாதிரியான, தளம் நடத்தும் மென்பொருள்களில் (அவற்றையும் இங்கே தளம் என்றே சொல்கிறேன்) சேமிப்பது ஒரு பொத்தான், வெளியிடுவது இன்னொரு பொத்தான். சேமித்ததோடு நிறுத்தினால் பக்கம் வரைவாகவே கிடக்கும். புளோனில் வழக்கமான அமைப்பில் புதிதாக உருவாக்கும் எதுவும் முதலில் பிரைவேட் நிலையில்தான் பிறக்கும். எழுதியவருக்கு அது மெனுவில் அழகாகத் தெரியும், வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

வெளியிட்டாயிற்று என்றால், மெனுவிலிருந்து மறைக்கும் டிக் பெட்டியைத் தேடுங்கள். பல தளங்களில் இது உண்டு, பெயர்தான் வேறு. டைப்போ3-இன் பழைய பதிப்புகளில் 'ஹைட் இன் மெனு', மோட்எக்ஸில் 'ஹைட் ஃப்ரம் மெனுஸ்', புளோனில் 'எக்ஸ்க்ளூட் ஃப்ரம் நேவிகேஷன்', கான்க்ரீட்டில் 'எக்ஸ்க்ளூட் ஃப்ரம் நேவ்'. சில்வர்ஸ்ட்ரைப் தலைகீழாக 'ஷோ இன் மெனுஸ்' என்று கேட்கும், அங்கே டிக் இருக்க வேண்டும். பழைய பக்கத்தை நகலெடுத்துப் புதுப் பக்கம் செய்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்: நகலோடு அந்த டிக்கும் சேர்ந்து வந்துவிடும்.

வேர்ட்பிரஸ் தனிக் கதை. 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அங்கே இரண்டு விதமான மெனு இருக்கிறது: பக்கங்களிலிருந்து தானாகக் கட்டப்படும் பட்டியல் ஒன்று, நிர்வாகப் பகுதியில் கையால் அடுக்கும் மெனு இன்னொன்று. தீம் (தளத்தின் தோற்றத் தொகுப்பு) மெனு கேட்கும் இடத்தில் கையால் செய்த மெனு எதுவும் பொருத்தப்படாவிட்டால், வழக்கமாகத் தானியங்கிப் பட்டியல் வந்து அந்த இடத்தை நிரப்பும். யாரோ ஒருவர் ஒரு நாள் மெனு ஒன்றை உருவாக்கி அந்த இடத்தில் பொருத்துவார். அந்த நொடியிலிருந்து தானியங்கி நின்றுவிடும். "நேற்றுவரை தானாக வந்துகொண்டிருந்ததே" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் இதுதான் விளக்கம்.

கையால் செய்த மெனுவிலும் 'புதிய மேல்நிலைப் பக்கங்களைத் தானாகச் சேர்' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் அதிலுள்ள 'மேல்நிலை' என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. தாய்ப் பக்கம் (மரத்தில் ஒரு நிலை மேலே இருக்கும் பக்கம்) வைத்து வெளியிட்ட எதையும் அது சேர்க்காது. டிக் போடுவதற்கு முன்பே வெளியான பக்கங்களையும் தேடிப் பிடித்துச் சேர்க்காது. சேர்ப்பதையும் மெனுவின் வாலில்தான் ஒட்டும்.

2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்போடு, பக்கத்தைப் பிளாக் என்ற துண்டுகளாக அடுக்கும் பிளாக் தீம்களும், மெனுவுக்கான நேவிகேஷன் பிளாக்கும் வந்தன. அதற்குள் வைக்கும் 'பேஜ் லிஸ்ட்' பிளாக்தான் அங்கே தானியங்கி. ஒரு பக்கத்தை மேலே நகர்த்தலாம் என்று அதில் 'எடிட்' அழுத்தினால், இந்தப் பட்டியலைத் தனித்தனி இணைப்புகளாக மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்றால் அதோடு முடிந்தது, இனி அது சாதாரண இணைப்புகளின் வரிசை. திரும்பப் பெற வழி எளிது: அந்த இணைப்புகளை நீக்கிவிட்டு, பேஜ் லிஸ்ட் பிளாக்கைப் புதிதாக வையுங்கள்.

ட்ரூபலில் கேள்வியே வேறு. அங்கே ஒரு பக்கம் மெனுவில் வர, அதைத் தொகுக்கும் படிவத்தில் மெனு இணைப்பு கொடுக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். அது தானாக டிக் ஆகி இருக்காது. அந்தப் பெட்டியே கண்ணில் படவில்லை என்றால், பெரும்பாலும் அந்த உள்ளடக்க வகைக்கு எந்த மெனுவும் அனுமதிக்கப்பட்டிருக்காது. வகையின் அமைப்பில் போய் அனுமதியுங்கள்.

அறிகுறி: எனக்குத் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை

பிரைவேட் விண்டோ சோதனை இதற்காகத்தான். பக்கம் லாகின் செய்தவர்களுக்கு மட்டும் என்று அமைக்கப்பட்டிருக்கலாம். ஜூம்லாவில் மெனு உருப்படிக்கு ஓர் அணுக்க நிலை, கட்டுரைக்கு ஒன்று, மெனுவைக் காட்டும் மாட்யூலுக்கு இன்னொன்று என்று மூன்று இருக்கிறது. மூன்றும் 'பப்ளிக்' ஆக இருந்தால்தான் எல்லாரும் பார்க்க முடியும். உருப்படியை மட்டும் சரிசெய்துவிட்டு மாட்யூலை மறப்பது வழக்கம்.

அனுமதிகள் சரி என்றால் கேஷ். பெரும்பாலான பக்க கேஷ்கள் லாகின் செய்த ஆளுக்குக் கேஷ் செய்யாமல் நேரடியாகப் பக்கத்தைக் கட்டித் தரும். அதனால் உங்களுக்கு எப்போதும் புதியது, மற்றவர்களுக்குப் பழையது. ஒரு பக்கத்தை வெளியிட்டால் அந்தப் பக்கத்தின் கேஷை மட்டும் துடைக்கும் அமைப்புகள் உண்டு. ஆனால் மெனு எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது, எனவே முழுத் தளத்தின் கேஷும் துடைக்கப்பட வேண்டும். துடைக்கும்போது வரிசையும் முக்கியம்: முதலில் தளத்துக்குள் இருக்கும் கேஷ், அப்புறம் சர்வர் கேஷ், அப்புறம் சிடிஎன் (பக்கங்களின் பிரதியைப் பல இடங்களிலிருந்து வழங்கும் சேவை), கடைசியில் பிரவுசர். தலைகீழாகச் செய்தால், துடைத்த சிடிஎன் உள்ளே இருக்கும் பழைய பிரதியையே மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளும்.

அதே அறிகுறியின் இன்னொரு முகம், கணினியில் தெரிகிறது, ஃபோனில் தெரியவில்லை என்பது. சில தீம்களில் ஃபோன் மெனு தனி இடம். அதில் வேறொரு மெனு பொருத்தப்பட்டிருக்கும். மெனு இடங்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: துணை மெனு வரவில்லை, அல்லது தவறான கிளை வருகிறது

இங்கேதான் 'டெம்ப்ளேட் கேட்கும் கேள்வி' முக்கியமாகிறது. கீழே ஒரு சின்ன மரம்:

முகப்பு
நிறுவனம்
— வரலாறு
— குழு
சேவைகள்
— வடிவமைப்பு
— — லோகோ
— — அச்சு
— பராமரிப்பு
தொடர்பு

பக்கவாட்டில் ஒரு மெனு வைத்து, ஜூம்லாவில் செய்வதுபோல் தொடக்க நிலை 2, முடிவு நிலை 2 என்று கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 'சேவைகள்' பக்கத்தில் நின்றால் வடிவமைப்பு, பராமரிப்பு இரண்டும் வரும். 'லோகோ' பக்கத்தில் நின்றாலும் அதே இரண்டுதான். நிற்கும் பக்கமே மெனுவில் இருக்காது, ஏனென்றால் அது மூன்றாம் நிலை. 'நிறுவனம்' போனால் வரலாறு, குழு. 'முகப்பு' அல்லது 'தொடர்பு' போனால் மெனு காலி, ஏனென்றால் அந்தக் கிளையில் இரண்டாம் நிலையே இல்லை. "சில பக்கத்தில் மெனு வருகிறது, சில பக்கத்தில் காணவில்லை" என்று வரும் புகார்களில் பல இதுதான். தளம் கேட்டதைச் சரியாகவே கொடுத்திருக்கிறது. முடிவு நிலையை 3 ஆக்கினால் 'லோகோ' பக்கத்தில் வடிவமைப்பின் கீழ் லோகோவும் அச்சும் விரியும்.

உங்கள் தளத்தின் மரத்தையும் இப்படித் தாளில் எழுதி, ஒவ்வொரு நிலையிலும் எண் போட்டு, மெனுவின் அமைப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமைப்பை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட இது வேகம்.

எண்களின் பொருள் தளத்துக்குத் தளம் மாறும். வேர்ட்பிரஸ் பக்கப் பட்டியலில் ஆழம் 1 என்றால் மேல்நிலை மட்டும். 0 என்றால் எல்லா நிலையும். −1 என்றால் எல்லாப் பக்கமும் வரும், ஆனால் தாய், துணை வேறுபாடு இல்லாமல் தட்டையாக வரும். துணை மெனு மேல்மெனுவோடு கலந்து நீளமாக வருகிறது என்றால் இந்த −1-ஐத் தேடுங்கள்.

ட்ரூபலில் நிலைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தும் துணை இணைப்புகள் வராமல் போகலாம். தாய் இணைப்பில் 'விரித்துக் காட்டு' என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கிறது. அது டிக் ஆகாவிட்டால், வருகிறவர் அந்தக் கிளைக்குள் போன பிறகுதான் பிள்ளைகள் தெரியும். கீழே விழும் மெனுவுக்கு இது உதவாது.

துணைப் பக்கங்கள் சோர்ஸில் இருந்து திரையில் இல்லையென்றால், இப்போதுதான் சிஎஸ்எஸ் பக்கம் போக வேண்டும். தளத்தின் மேல்பட்டைக்கு (ஹெடர்) ஓவர்ஃப்ளோ ஹிட்டன் கொடுத்திருந்தால் கீழே விழும் பட்டியல் வெட்டுப்படும். பேனர் படத்தின் இசட்-இண்டெக்ஸ் (எது எதன் மேல் என்ற எண்) அதிகமாக இருந்தால் பட்டியல் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மெனுவுக்கும் துணை மெனுவுக்கும் நடுவில் சில பிக்ஸல் இடைவெளி இருந்தால், மவுஸ் இறங்கும் வழியில் பட்டியல் மூடிக்கொள்ளும். மார்ஜினை எடுத்துவிட்டு, அதே அளவைத் துணைப் பட்டியலின் உள்பக்கம் பேடிங்காகக் கொடுங்கள்.

அறிகுறி: வேண்டாத பக்கங்கள் எல்லாம் வந்து நிற்கின்றன

படிவம் அனுப்பிய பிறகு வரும் 'நன்றி' பக்கம், தேடல் முடிவுப் பக்கம், தனியுரிமைக் கொள்கை. முன்பு சொன்ன மறைக்கும் பெட்டியை இவற்றுக்கு டிக் செய்யுங்கள். டிக் செய்தும் வருகிறது என்றால் டெம்ப்ளேட் அந்தப் பெட்டியைக் கேட்கவே இல்லை. அம்ப்ராக்கோவில் 'அம்ப்ராக்கோ நேவி ஹைட்' என்ற பெயரில் ஒரு பண்பு சேர்ப்பது மரபு. ஆனால் மெனு எழுதும் டெம்ப்ளேட்டில் அதைச் சரிபார்க்கும் வரி இல்லாவிட்டால், நிர்வாகப் பகுதியில் டிக் போட்டதற்கு ஒரு பலனும் இல்லை. பண்பின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் இதே கதி.

மறைத்த பக்கத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் கவனம். வேர்ட்பிரஸின் பக்கப் பட்டியலில் 'எக்ஸ்க்ளூட்' அந்தப் பக்கத்தை மட்டும் எடுக்கும். எல்லா நிலையும் காட்டும் மெனுவில் அதன் பிள்ளைகள் தாயில்லாமல் மேல்நிலைக்கு வந்து வரிசையில் நிற்கும். கிளையோடு எடுக்க 'எக்ஸ்க்ளூட் ட்ரீ' என்ற தனி அமைப்பு இருக்கிறது. திடீரென்று மேல்மெனுவில் சம்பந்தமில்லாத பக்கங்கள் முளைத்தால், அண்மையில் எந்தத் தாய்ப் பக்கம் மறைக்கப்பட்டது அல்லது பிரைவேட் ஆக்கப்பட்டது என்று பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: மெனுவில் மறைப்பது பூட்டு ஆகாது. முகவரி தெரிந்தவர் திறக்கலாம், தேடுபொறியும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் பார்க்கக் கூடாத பக்கம் என்றால் வெளியீட்டை நிறுத்துங்கள் அல்லது அனுமதியை மாற்றுங்கள்.

அறிகுறி: வரிசை தாறுமாறாக இருக்கிறது

வேர்ட்பிரஸில் வரிசை எண் எல்லாப் பக்கத்துக்கும் 0 ஆகவே கிடந்தால், பட்டியல் தலைப்பின் அகர வரிசைக்குப் போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் கொடுங்கள். 1, 2, 3 என்று கொடுக்காமல் 10, 20, 30 என்று கொடுத்தால் பின்னால் நடுவில் நுழைக்க இடம் இருக்கும். நீங்களே உருவாக்கிய தனிப் புலத்தில் வரிசை எண் வைத்திருந்தால், அது எண்ணாகச் சேமிக்கப்படுகிறதா, உரையாகவா என்று பாருங்கள். உரையாக இருந்தால் 10 என்பது 2-க்கு முன்னால் வரும்.

தமிழ்த் தலைப்புகளுக்கு அகர வரிசையே ஒரு சிக்கல். எழுத்துகளை யூனிகோடு எண்ணை வைத்து அடுக்கும் தளத்தில் புள்ளிக்கு உயிர்க்குறிகளைவிடப் பெரிய எண். அதனால் 'பகிர்வு' முதலில் வந்து 'பக்கங்கள்' பின்னால் போகும், அகராதியில் தலைகீழ். ன, ப-வுக்கு முன்னால் வரும். ற, ல-வுக்கு முன்னால் வரும். ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் வரும். தரவுத்தளத்தின் ஒப்பீட்டு முறையை மாற்றிச் சரிசெய்ய முயலலாம், ஆனால் மெனுவுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து. மேல்நிலையில் ஏழெட்டுப் பக்கம்தான் இருக்கும், எண் கொடுத்துவிடுங்கள். நூற்றுக்கணக்கில் சொற்பட்டியல் மாதிரி பக்கங்கள் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஒப்பீட்டு முறை தேவைப்படும்.

ஒரே ஒரு பக்கம் மட்டும் காரணமில்லாமல் முதலில் நிற்கிறது என்றால், தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கலாம். அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்யுங்கள், ஒட்ட வேண்டாம்.

அறிகுறி: இருக்கும் பக்கத்துக்கு நிறம் மாறவில்லை, அல்லது வேறு பக்கத்துக்கு மாறுகிறது

'முகப்பு' எப்போதும் நிறம் மாறியே இருக்கிறது என்றால், டெம்ப்ளேட் எழுதியவர் "இப்போதைய முகவரி இந்த இணைப்பில் தொடங்குகிறதா" என்று ஒப்பிட்டிருக்கிறார். முகப்பின் முகவரி வெறும் சாய்கோடு. எல்லா முகவரியும் அதில்தான் தொடங்கும். முகப்புக்கு மட்டும் முழு ஒப்பீடு போடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறமே வரவில்லை என்றால், அது மெனுவில் பக்கமாக இல்லாமல் தனி இணைப்பாக, முகவரி தட்டச்சு செய்து சேர்க்கப்பட்டிருக்கும். கடைசியில் சாய்கோடு இல்லாதது, பழைய பாதுகாப்பில்லாத முகவரி, முன்னால் மூன்று டபிள்யூ, இதில் எது மாறினாலும் ஒப்பீடு தோற்கலாம். தமிழில் முகவரி வைத்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், முகவரிக்காகக் குறியாக்கம் செய்தால் 9 எழுத்து. ஒரு பக்கம் குறியாக்கிய வடிவம், மறுபக்கம் தமிழ் வடிவம் என்று நின்றால் இரண்டும் ஒன்றல்ல என்று நிரல் சொல்லிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். அதைவிட நல்லது, முகவரியை விட்டுவிட்டுப் பக்கத்தின் ஐடியை (தளம் அதற்குக் கொடுத்த எண்) ஒப்பிடுவது.

வேர்ட்பிரஸில் தனி வகை உள்ளடக்கம் ஒன்றைத் திறந்தால் 'வலைப்பதிவு' என்ற மெனு உருப்படி நிறம் மாறுவதும் தெரிந்த தொல்லை. பதிவுகள் பக்கத்துக்குத் தாய்ப் பக்கத்துக்கான கிளாஸை (சிஎஸ்எஸ் அடையாளம் காணும் பெயர்) வேர்ட்பிரஸ் தவறாகச் சேர்த்துவிடுகிறது. மெனு உருப்படிகளின் கிளாஸ்களை மாற்றித் தரும் ஃபில்டரில், அந்த வகை திறந்திருக்கும்போது அந்தக் கிளாஸை நீக்குங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் ஒரே உருப்படி நிறம் மாறி நிற்கிறது, கேஷைத் துடைத்தால் வேறு உருப்படிக்குத் தாவுகிறது என்றால், மெனுவின் அச்சான பட்டியலையே யாரோ கேஷில் வைத்திருக்கிறார்கள். கேஷ் காலியான பிறகு யார் எந்தப் பக்கத்தை முதலில் திறந்தாரோ, அந்தப் பக்கத்தின் நிறம் எல்லாருக்கும் உறைந்துவிடுகிறது. மரத்தை மட்டும் கேஷில் வைத்து, நிறம் மாற்றும் வேலையைப் பக்கம் காட்டும்போது செய்ய வேண்டும். அல்லது கேஷின் சாவியில் (சேமித்த பிரதியைத் தேடி எடுக்கும் பெயர்) பக்கத்தின் ஐடியைச் சேர்க்க வேண்டும். ட்ரூபல் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது, நீங்களாகப் பிளாக் எழுதி அதன் கேஷ் அமைப்பைக் கெடுக்காதவரை.

அறிகுறி: பெரிய மெனுவைச் சேமித்தால் கடைசிப் பகுதி காணாமல் போகிறது

காரணம், தளத்தை சர்வரில் ஓட்டும் நிரல்மொழியான பிஎச்பியின் 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' வரம்பு: ஒரு படிவத்திலிருந்து எத்தனை புலங்களை ஏற்கும் என்பது. இயல்பாக 1000. மெனுவின் ஒவ்வொரு உருப்படிக்கும் படிவத்தில் பல புலங்கள் இருப்பதால், நூறு உருப்படி தாண்டும் முன்பே ஆயிரத்தைத் தொட்டுவிடலாம். மீதியைப் பிஎச்பி தூக்கி எறிந்துவிடும், திரையில் ஒரு வார்த்தை சொல்லாது. பழைய வேர்ட்பிரஸ் பதிப்புகளில் இது பிரபலம். சர்வர் அமைப்பில் வரம்பை 3000 ஆக்குங்கள். அதற்கு முன், நூறு உருப்படி வைத்த மெனுவை யார் படிப்பார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.

அறிகுறி: மெனுவில் இருக்கிறது, கிளிக் செய்தால் பக்கம் இல்லை என்கிறது

வேர்ட்பிரஸில் கையால் செய்த மெனுவில் இருக்கும் பக்கத்தைக் குப்பையில் போட்டால் இணைப்பு மறையும். வரைவாக மாற்றினால் இணைப்பு அப்படியே நிற்கும், கிளிக் செய்தவருக்கு 404 வரும். பக்கத்தின் பெயரை மாற்றியும் மெனுவில் பழைய பெயரே நிற்பதும் இங்கேதான்: யாரோ அந்த உருப்படிக்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதை அழித்துக் காலியாகச் சேமித்தால் மறுபடி தலைப்பைப் பின்தொடரும்.

அறிகுறி: மெனு வந்த பிறகு தளமே மெதுவாகிவிட்டது

ஒவ்வொரு பக்கத்துக்கும் "உனக்குப் பிள்ளைகள் உண்டா" என்று தரவுத்தளத்தைத் தனித்தனியாகக் கேட்கும் டெம்ப்ளேட்டாக இருக்கும். 400 பக்கம் என்றால் 400 கேள்வி, அதுவும் ஒவ்வொரு வருகைக்கும். எல்லாப் பக்கத்தையும் ஒரே கேள்வியில் எடுத்து, தாயின் ஐடியை வைத்து நினைவகத்தில் மரமாக அடுக்கினால் போதும். மெனுவின் ஆழத்தையும் இரண்டு நிலையோடு நிறுத்துங்கள். மூன்றாம் நிலை அந்தந்தக் கிளைக்குள் போகும்போது பக்கவாட்டில் வரட்டும்.

மெதுவாவதோடு நிற்காமல் நினைவகம் தீர்ந்து வெள்ளைத் திரை வந்தால், மரத்தில் சுழற்சி இருக்கிறது: ஒரு பக்கம் தனக்குத்தானே தாயாக, அல்லது இரண்டு பக்கங்கள் ஒன்றுக்கொன்று தாயாக. நிர்வாகப் பகுதி வழியாக இது நடப்பது அரிது, வேறு தளத்திலிருந்து தரவை இறக்குமதி செய்யும்போது ஐடிகள் குழம்பி நடக்கும். தரவுத்தளத்தில் பக்கத்தின் ஐடியும் தாயின் ஐடியும் ஒன்றாக இருக்கும் வரிசையை முதலில் தேடுங்கள். கிடைத்தால் தாயின் ஐடியை 0 ஆக்கிவிட்டு, பக்கத்தை நிர்வாகப் பகுதியில் திறந்து சரியான தாயின் கீழ் வையுங்கள்.